பச்சை பெயிண்ட் அடித்த நாற்காலி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம், வலது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் ‘ம்’ என்பாய். அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்கு மாறிவிட்டேன். ஒரே அறை. பிரசவ வார்டுக்கு மூன்று நிமிட நடை. இரவுப் பணி முடிந்து வந்தால் படுத்து எழ இது போதும். ஆனால் நம் பெரிய கட்டில் வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்றுவிட்டது. தச்சர் கிடைக்காமல் ஆஸ்பத்திரி பிளம்பரைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். விற்க மனசு வரவில்லை. கல்யாணமான புதிதில் உன் அத்தான் வாங்கிய முதல் சாமான் அது. பலகைகளை லாரி பார்சலில் உனக்குப் போட்டிருக்கிறேன். உன் கார் ஷெட்டில்தான் கார் தவிர எல்லாம் இருக்கிறதே. இதையும் வைத்து ஏதாவது செய். எனக்கென்று எதுவும் அனுப்ப வேண்டாம், செய்ததைக் காட்டினால் போதும்.

தூசியில் நிற்காதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது.

அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை ஊருக்குத்தான் நர்ஸா?

பலகைகள் வந்தன. அழுக்கை இழைத்துப் பார்த்தேன். அக்கா, அது ஈட்டி மரம், ரோஸ்வுட்! இத்தனை வருஷம் நீங்கள் எதன்மேல் தூங்கினீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. ஒரு பலகையைத் தூக்க நானும் இவளும் சேர வேண்டியிருந்தது.

சரியான நேரத்தில் அனுப்பினாய். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? வீட்டு ஷெட்டிலும் வராந்தாவிலும் மரவேலை பழகும் பதினோரு பேர். வருஷத்துக்கு ஒரு போட்டி, ஜூன் முதல் வாரம். இந்த வருஷம் தலைப்பு, ஒருவர் உட்காரும் இருக்கை. செலவு ஒரு தச்சரின் இரண்டு நாள் கூலியைத் தாண்டக் கூடாது. ஆனால் மூன்று வருஷமாகப் பல் டாக்டர்தான் கப் வாங்குகிறார். அவர் ஷெட்டில் இருக்கும் மிஷின்களை விற்றால் ஒரு வீடு கட்டலாம். மரம் எங்கே வாங்கினீர்கள் என்றால், “வீட்ல சும்மா கிடந்துச்சு” என்பார். சும்மா கிடந்ததற்குச் செலவு பூஜ்யம்!

இன்னொரு பக்கம் எங்கள் தையல்காரம்மா. ஒரு கைரம்பம், இரண்டு உளி, அவ்வளவுதான். பசை ஒட்டிய பலகையை இறுக்கக் கிளாம்ப் இல்லாமல் தையல் மிஷினைத் தூக்கி மேலே வைத்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் என் கிளாம்ப் இரண்டைக் கொடுத்தேன். போட்டி என்றால் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். இந்த வருஷம் விடப்போவதில்லை.

கட்டிலிலிருந்து கை வைத்த நாற்காலி வரும். வரைபடம் போட்டாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 26

அன்புள்ள முத்திரைக்கு,

சின்ன வயசுப் பட்டப்பெயரைச் சொன்னதற்குக் கோபிக்காதே. கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம் உனக்கு வரும் என்று அன்றைக்கே தெரிந்துதான் அப்பா வைத்தாரோ என்னவோ. சாப்பாட்டில் எனக்கு ஒரு கரண்டி கூடப் போய்விட்டால் நீ போட்ட கூச்சல் எதிர் வீட்டுக்குக் கேட்கும்.

நான் நலம். முழங்கால் பற்றி எழுத நாளாகும், விடு.

தலைமாட்டுப் பலகையின் இடது ஓரத்தில் ஒரு கணு இருக்கும், புளியங்கொட்டை அளவில். உன் அத்தான் படித்துக்கொண்டே அதைக் கட்டை விரலால் தேய்ப்பார். முடிந்தால் அதை வெட்டி எறியாதே. முடியாவிட்டால் பரவாயில்லை.

தையல்காரம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. டாக்டரை ஒரு கை பார்.

இருமல் வந்தால் மருந்து சாப்பிடு, நாலு நாள் பார்க்கலாம் என்று இருக்காதே.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

ஜெயித்துவிட்டேன்! போட்டியில் இல்லை, கூட்டத்தில். ஞாயிறன்று டாக்டர் வழக்கம்போல, “இந்த வருஷமும் வீட்ல கொஞ்சம் மரம் சும்மா கிடக்கு” என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, எழுந்துவிட்டேன். “சும்மா கிடந்தாலும் சரி, யாரோ குடுத்தாலும் சரி, மரம்னா அதுக்கு மார்க்கெட் விலை போட்டாகணும். அந்த விலையும் வரம்புக்குள்ள வரணும்” என்றேன். பத்துப் பேரும் கை தட்டினார்கள், டாக்டர்கூட வேறு வழியில்லாமல் தட்டினார். கடைசி வரை தட்டியது தையல்காரம்மாதான். கையோடு விதியை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என்னுடையது.

இவள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். நாற்காலி வேலை நடக்கிறது. உடம்பு கவனம்.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வார்டில் படித்துக் காட்டினேன். எங்கள் தலைமை நர்ஸ், “உங்க தம்பி எலக்‌ஷன்ல நிக்கலாம்” என்றார். நான் சௌக்கியம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுது.

ஒரு சந்தேகம். யாரோ கொடுத்த மரத்துக்கும் விலை உண்டு என்றால், நான் அனுப்பிய பலகைக்கும் உண்டுதானே? ஈட்டி என்கிறாய். இரண்டு நாள் கூலியில் ஈட்டியில் நாற்காலிக்கு ஒரு கால் வாங்க முடியுமா? நீ வேறு மரத்துக்கு மாறிவிட்டாயா? மாறியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. கட்டில் இருக்கட்டும், அவசரமா என்ன. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போ.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் போட முடியவில்லை. ஆபீஸில் வேலை அதிகம். இவளுக்குச் சளி, இப்போது பரவாயில்லை. நீ சுகம்தானே?

போட்டி முடிந்தது. எனக்கு முதல் பரிசு. டாக்டர் இரண்டாவது. தையல்காரம்மாவின் ஸ்டூலில் ஏதோ சின்னச் சிக்கல், போட்டியில் சேர்க்கவில்லை. மழைக்கு முன் ஷெட் கூரையைப் பார்க்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் சந்தோஷச் சமாசாரம். நீ கப் வாங்கியதற்கு வார்டு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன். “என் தம்பி நேர்மையா ஒரு விதி போட்டான், அந்த விதியிலயே ஜெயிச்சான்” என்று பிள்ளை பெற வந்தவர்களிடம்கூடச் சொன்னேன். வலியில் இருந்தவள் ஒருத்தி, “சரி சிஸ்டர், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்றாள்.

உன் உறைக்குள் ஒரு போட்டோவும் இருந்தது. பின்னால் உன் மனைவியின் கையெழுத்து. அவள் வைத்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. பார்த்த அன்று சந்தோஷம்தான். மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நாற்காலி பச்சையாக இருக்கிறது. உங்கள் வாசல் கேட்டுக்கு அடித்த அதே பச்சை. இடது கைப்பிடியில், பெயிண்டுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு.

மரவேலை எனக்குத் தெரியாது. நீயே சொல். ஈட்டிக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து ஏழு வாரமாகிறது. இதற்குள் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அந்தப் பச்சை ஒரு புது மாதிரி என்றுகூட எழுதினேன். பொய்யை எழுதினால் கையெழுத்தே கோணுகிறது.

கூட்டத்தில் அந்த விதியைச் சொன்னபோது நான் என் நாற்காலியை மறந்தே போயிருந்தேன். சத்தியமாக. டாக்டரை மடக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. வீட்டுக்கு வந்து ஷெட்டைத் திறந்தால் உன் கட்டில் நாற்காலியாகி நிற்கிறது. கைப்பிடி முடிந்திருந்தது, கணுவை ஒதுக்காமல் நடுவில் வரவைத்துச் செய்திருந்தேன். அவ்வளவு நல்ல வேலை நான் அதற்கு முன் செய்ததில்லை. மறுநாளே போய், “என்னுடையது வரம்பைத் தாண்டுகிறது, இந்த வருஷம் நான் இல்லை” என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கை தட்டல் இன்னும் காதில் இருந்ததால் சொல்லவில்லை.

கடைத்தெருவில் நாலு பேக்கிங் பெட்டி வாங்கி ரசீதும் வாங்கினேன். பெட்டிகளை ஷெட் மூலையில் போட்டேன். அந்த மரத்தில் செய்ததாகக் காட்ட, ரசீதை நாற்காலியின் செலவுச் சீட்டில் குத்தினேன். கேட்டுக்கு அடித்தது போக மீந்த பெயிண்டை இரண்டு கோட் அடித்தேன். அடிக்கும்போது ஒரு தடவைகூட அந்தக் கணுவைப் பார்க்கவில்லை.

இதுகூடப் பெரிதில்லை. மிச்சத்தைக் கேள்.

தையல்காரம்மா ஒரு ஸ்டூல் கொண்டுவந்தார். உட்கார்ந்து தைக்கிற உயரம். அடியில் நூல்கண்டு வைக்க ஒரு சின்ன இழுப்பறை, விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு வரும். செலவுச் சீட்டில் உண்மையை எழுதியிருந்தார்: ‘இடித்த பள்ளிக்கூடத்து ஜன்னல். சும்மா கிடைத்தது.’ நடுவராக வந்த டிராயிங் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “சார், எடை அளவு விலையெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி. இதுக்கு என்ன போடலாம்?” என்றார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பழைய தேக்கு. ஆணி ஓட்டை இருக்கிறது, வெயிலில் கிடந்தது என்று பாதி விலை சொல்லியிருக்கலாம். சொன்னால் நியாயமாகவும் இருந்திருக்கும். முழு விலை சொன்னேன், வரம்பைத் தாண்டியது. நான் இளகினால் எல்லார் பார்வையும் என் நாற்காலிப் பக்கம் திரும்பும் என்று பயம். அவரை ஒதுக்கிவிட்டார்கள்.

அவர் சண்டை போடவில்லை. “எனக்குக் கெடச்சதே இதுதான் சார். காசு குடுத்து வாங்குறதா இருந்தா இதைவிட மட்டமான மரந்தான் வாங்கியிருப்பேன்” என்றார். அப்புறம் பரிசு மேடைக்கு என் நாற்காலியைத் தூக்கப் போனேன். “தனியாத் தூக்காதீங்க சார்” என்று ஓடி வந்து மறுபக்கம் பிடித்தார்.

ஊரில் ஒரு கடைக்காரன் எடைக்கல்லின் அடியைக் குடைந்திருந்தால் அபராதம் போடுகிறேன். தராசுத் தட்டைப் பார்க்கவே இப்போது கூச்சமாக இருக்கிறது. இவளிடம்கூடச் சொல்லவில்லை. அத்தான் கட்டிலில் இதைச் செய்தேன் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தம்பி


அக்டோபர் 30

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ சாப்பிடு.

பதில் எழுத எனக்கும் இரண்டு மாதம் ஆகிவிட்டது. வார்டில் என்னாலும் முகத்தைக் காட்ட முடியவில்லை. தலைமை நர்ஸ் நேற்றுக்கூட, “தம்பி இந்த வருஷம் என்ன செய்யறாரு?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். நீ செய்ததற்கு நான் மழுப்புகிறேன் பார்.

என்னிடம் எழுதியது போதாது. நான் உன் அக்கா. நான் திட்டினாலும் ஒரு வாரம், விட்டாலும் ஒரு வாரம். அந்தம்மாவிடம் சொன்னாயா? தனியாகக் கடைக்குப் போய்க் காதில் சொல்லிவிட்டு வராதே. அவரை ஒதுக்கியது பத்துப் பேருக்கு முன்னால். பெயிண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யாதே, அப்படியே எடுத்துக்கொண்டு போ. சொன்ன பிறகு நாற்காலியை எனக்கு அனுப்பு.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சாப்பிடுகிறேன்.

சொல்லிவிட்டேன். முதலில் இவளிடம் சொன்னேன். “போட்டோவை அக்காவுக்கு எதுக்கு அனுப்பினேன்னு நெனச்சீங்க? எங்கிட்ட நீங்க சொல்லவே மாட்டீங்க” என்றாள்.

ஞாயிறன்று டாக்டர் ஷெட்டில் கூட்டம். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் உள்ளங்கை அகலத்துக்கு உளியால் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே கருஞ்சிவப்பு. எங்கிருந்து வந்த மரம், எப்படி மறைத்தேன், ஸ்டூலுக்கு ஏன் முழு விலை சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் என் தோளில் கை போட்டார். “விடுங்க சார். நானும் மூணு வருஷமா ‘சும்மா கிடந்துச்சு’ன்னுதானே சொல்லிட்டிருந்தேன். நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்” என்று சிரித்தார். அக்கா, ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

தையல்காரம்மா மட்டும் சுரண்டிய இடத்தைப் பார்க்கவே வரவில்லை. “எனக்குத் தெரியும் சார். மேடைக்குத் தூக்கினப்பவே தெரியும். பொட்டி மரம் இவ்ளோ கனக்காது” என்றார்.

எடை பார்ப்பது என் உத்தியோகம்.

“அப்பவே ஏன்மா சொல்லல?” என்றேன்.

“உங்க கிளாம்ப் ரெண்டு என் வீட்ல இருந்துச்சே சார். அதை வச்சுத்தான் ஸ்டூலே ஒட்டினேன். குடுத்தவரை எப்படிக் காட்டிக் குடுக்கறது?” என்று பையிலிருந்து கிளாம்ப்புகளை எடுத்து நாற்காலியின்மேல் வைத்துவிட்டார். எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

கப்பை நீட்டினேன். “வேணாம் சார். கோவத்துல சொல்லல. வைக்க எடமில்ல” என்றார். கப் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் கதையைச் சொல்கிறேன்.

நாற்காலி பார்சலில் வருகிறது. அறைக்குள் நுழையும், அளந்துதான் அனுப்பினேன்.

தம்பி


டிசம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல், அவள் கெட்டிக்காரி.

நாற்காலி வந்தது. ஜன்னலோரம் போட்டு மூன்று நாள் உட்காரவில்லை. நேற்றுதான் உட்கார்ந்தேன். ஆடவில்லை, முதுகு சரியாகப் பதிகிறது, முழங்காலை மடக்கி எழவும் சுலபமாக இருக்கிறது. கட்டை விரல் தானாகக் கணுவுக்குப் போகிறது. வேலை அவ்வளவு நன்றாக இருக்கிறதடா. அதுதான் எனக்கு ஆத்திரம். இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவன் எதற்காக ஒளித்தாய்?

ஒன்று சொல்கிறேன். கட்டில் வாசலில் நுழையவில்லை என்று எழுதினேன். நுழையும். அவர் போன பிறகு மூன்று வருஷம் அதன் ஒரு ஓரத்திலேயே படுத்திருந்தேன், மறுபக்கத்துக்கு நகர முடியவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, வாசல்மேல் பழியைப் போட்டேன். நீ மட்டும் ஒளித்தாய் என்று இருக்க வேண்டாம்.

வார்டில் சொல்லிவிட்டேன். தலைமை நர்ஸ் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த போட்டியில் கலந்துகொள். ஓடிப் போகாதே.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். இருமல் இல்லை, மருந்து சாப்பிட்டேன்.

இந்த வருஷம் விதி எழுதும் வேலை என்னிடம் இல்லை, தையல்காரம்மாவிடம். மரத்துக்கு விலையே கிடையாது என்றுவிட்டார். வேலை தொடங்குமுன் அவரவர் மரத்தைக் கொண்டுவந்து எல்லார் நடுவிலும் போட வேண்டும். எங்கே கிடைத்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். அந்த மரத்துக்கு எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள் என்றுதான் மதிப்பெண். கருவிகளும் அப்படியே. ஞாயிறுதோறும் டாக்டர் ஷெட் எல்லாருக்கும் திறந்திருக்கும், அவரவர் உளியும் ரம்பமும் பொது மேஜைக்கு வந்துவிடும். டாக்டருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

நேற்று மரம் வைக்கும் நாள். நான் போன வருஷம் வாங்கிப் போட்ட நாலு பேக்கிங் பெட்டியைப் பிரித்துக் கொண்டுபோனேன். பதினோரு குவியல். தையல்காரம்மா நேரே என் குவியலுக்கு வந்தார். ஒவ்வொரு பலகையாகத் தூக்கினார், ஒன்றையும் விடவில்லை. எனக்குக் காது சுட்டது. தலையைக் குனியக் கூடாது என்று நின்றேன்.

“கனமில்ல. சரியா இருக்கு, எழுதிக்கோங்க” என்றார்.

அப்புறம் பொது மேஜைக்குப் போய் என் கிளாம்ப் இரண்டையும் எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

முழங்காலைக் கவனி. நாற்காலியின் கால் ஏதாவது ஆடினால் உடனே எழுது, வந்து பார்க்கிறேன்.

தம்பி